புல்லுக்கு லீவு

செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்தே பாரு, அதுலயே உங்கப்பன் வளர்ப்பு தெரியுது. இந்த ரூமுக்கு வர்றவங்க யாரும் கழட்டுறதில்ல. உக்காரும்மா. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும், விழுந்து வைக்கப் போறே. இந்த ஸ்டூல்ல உக்காரு.

டீ போடவா? வேணாமா, சரி. தண்ணியாவது குடி. வெயில்ல வந்திருக்கே.

அப்பா படுத்த படுக்கையா கிடக்குறாரு, என் வெல்டிங்தானா விட்டுச்சு, என் வெல்டிங்தானா விட்டுச்சுன்னு அதையே பினாத்துறாரு, கண்ணை மூடுறதுக்குள்ள அவருக்கு ஒரு பதில் வேணும் மாமான்னு கேக்குறே. நியாயமான கேள்வி. போலீஸ் கேட்டாங்க, கமிஷன் வச்சுக் கேட்டாங்க, பேப்பர்காரங்க கேட்டாங்க. ஆனா யாரும் இப்படி ஒரு மனுஷனுக்காக வந்து கேக்கல.

சொல்றேன். மறைக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேணும், எனக்கு அது தீர்ந்து போச்சு. ஆனா முதல்லேருந்து சொல்லணும். பாதியில எந்திரிச்சுப் போயிடாதே.

வரும்போதே கேட்டியே, ஸ்டேடியமே காடு மாதிரி கிடக்கு, நடுவுல மட்டும் புல்லு பச்சைப்பசேல்னு இருக்கே, யாரு பார்த்துக்கிறாங்கன்னு. வேற யாரு, நான்தான். ஸ்கோர் போர்டுக்குள்ள மரம் முளைச்சுப் போச்சு. பசங்க துணி மாத்துற ரூம்ல கூரை இல்ல, புறா குடியிருக்கு. ஓடுற பாதையில முள்ளு. அதையெல்லாம் நான் கண்டுக்கல. என்னைக் கிரவுண்ட்மேனாத்தான் வேலைக்கு எடுத்தாங்க. புல்லுதான் என் வேலை.

கேஸ், கோர்ட்டுன்னு காலேஜ் இதைப் பூட்டிப் போட்டுட்டு ஊருக்கு வெளியில வேற மைதானம் கட்டிக்கிச்சு. இங்க ஒரு காவலாளி வேணும்னாங்க, நானே இருந்துக்கிறேன்னேன். அதுக்கு முன்னாடி இது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, நீ கைக்குழந்தை. ஒரு நாள் ஓய்வு கிடையாதும்மா. காலையில ஃபுட்பால், சாயங்காலம் ஹாக்கி, நடுவுல அணிவகுப்புப் பழக்கம். பெரிய மனுஷன் எவனாவது வந்தா கார் நிறுத்துறதும் இங்கதான். பாட்டுக் கச்சேரிக்கு லாரியை உள்ள ஓட்டிட்டு வருவானுங்க. சக்கரம் போன தடத்துல புல்லு மஞ்சளாகும், அப்புறம் கறுக்கும், அப்புறம் வெறும் மண்ணு. நான் உக்காந்து திரும்ப நடுவேன். வேர் பிடிக்கிற நேரத்துக்கு அடுத்த லாரி வந்துரும். வயித்தெரிச்சலா இருக்கும்.

அதுக்குத்தான் இந்த விசில். பி.டி. சார் கொடுத்தது, அப்போலேருந்து கழுத்துலயேதான் கிடக்கு. எவனாவது சும்மா புல்லு மேல நின்னா ஒரு ஊது ஊதுவேன். உடனே ஓடிப்போய் கேலரியில ஏறி உக்காந்துக்குவானுங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் அது பழகிப் போச்சு. எனக்கும்தான்.

பிரின்சிபால்கிட்ட ஒரு தடவை போய்க் கேட்டேன். சார், மழைக்காலம் முடியுற வரைக்கும் கிரவுண்டை மூடி வைக்கலாம் சார், புல்லு தேறிக்கும்னேன். அவரு சிரிச்சாரு. பக்கத்துல இருந்த கிளார்க்கைப் பார்த்து, "கேட்டியாய்யா, புல்லுக்கு லீவு வேணுமாம்"னாரு. கிளார்க்கும் சிரிச்சான். நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சுட்டு வந்துட்டேன்.

அந்த வருஷம்தான் காலேஜுக்குப் பொன்விழா. புல்லு மேலயே மேடை, பந்தல், நாற்காலின்னு முடிவு பண்ணிட்டாங்க. நல்ல மழைக்காலம். நான் மறுபடி போய்க் கேக்கல. விழாவுக்கு முந்தின நாள், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல, ஸ்பேனரை எடுத்துக்கிட்டு கிழக்குக் கேலரிக்கு அடியில போனேன்.

இதை நீ சரியா கேட்டுக்கணும், உங்கப்பன்கிட்ட போய்ச் சொல்லணும்ல. அந்தக் கேலரிக்கு இரும்புக் கால், மேல பலகை. கால்களோட அடியில வெல்டிங் வச்சது உங்கப்பன். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவுல குறுக்குச் சட்டம் போட்டு நட்டு முடுக்கியிருக்கும், அதுதான் மொத்தத்தையும் ஆடாம பிடிக்கிறது. நான் கழட்டினது அந்த நட்டுங்களை. மறுநாள் காலையில இன்ஜினியர் வந்து பார்ப்பாரு, ஆட்டிப் பார்த்தா ஆடும், ஆபத்துன்னு எழுதுவாரு, விழாவை வேற இடத்துக்கு மாத்திருவாங்க. அவ்வளவுதான் என் கணக்கு. யாருக்கும் கெடுதல் நினைக்கல. இப்பவும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

சாயங்காலம் தூறல். வரவேற்புப் பாட்டுப் பாடுற பிள்ளைங்க பழக வந்தாங்க. அவங்க வரப் போறாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லல. ஷூ காலோட, ஈரப் புல்லு மேல, கூட்டமா வந்து நின்னாங்க. நான் ஊதினேன். யோசிக்கவே இல்லம்மா, கை தானா போச்சு. அவங்களும் வழக்கம்போல ஓடிப்போய்க் கிழக்குக் கேலரியில ஏறினாங்க. அதுதான் பக்கத்துல இருந்துச்சு.

நான் இதோட நிறுத்தியிருக்கலாம். ஒரு கிழவன் பழக்க தோஷத்துல செஞ்சுட்டான்னு நீ உங்கப்பன்கிட்ட சொல்லியிருப்பே. உன் அத்தைக்குக்கூட இதுக்கு மேல நான் சொன்னதில்ல. இல்ல, அவளுக்கு இதையுமே சொல்லல. சாகுற வரைக்கும் தன் தம்பி, உங்கப்பனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தா, பாவம், குடும்பத்து மானத்தை வாங்கிட்டானேன்னு.

ஏறினதுல நாலஞ்சு பேர் இறங்கி வந்துட்டாங்க. ஒல்லியா ஒரு பொண்ணு, கண்ணாடி போட்டிருந்துச்சு. புல்லு மேல நின்னுக்கிட்டு, "அண்ணே, மேல ஆடுதுண்ணே, பயமா இருக்கு"ன்னுச்சு. நான் அது முகத்தைப் பார்த்தேன். அப்புறம் காலைப் பார்த்தேன். ஷூவுக்கடியில நான் அந்த வாரம்தான் நட்ட பாத்தி. புதுத் தளிரும்மா, விரல்ல தொட்டாலே படுத்துக்கும்.

ரெண்டாவது தடவை ஊதினேன்.

அந்தப் பொண்ணு ஏறுச்சு. ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துச்சு. பாட்டு ஆரம்பிச்சு முதல் அடி முடியல, கேலரி சாஞ்சிருச்சு. ஒன்பது பிள்ளைங்க போயிருச்சுங்க. கண்ணாடி போட்ட பொண்ணும் அதுல ஒண்ணு.

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். விழுந்த வேகத்துல சில வெல்டிங் பிஞ்சுது, பிஞ்சதைத்தான் படம் எடுத்தாங்க. நட்டைப் பத்தி யாரும் கேக்கல. கமிஷன்லயும் கோர்ட்டுலயும் என்னைக் கேட்டப்போ, அந்த வெல்டிங் வேலையைப் பார்த்தப்பவே எனக்கு மனசு ஒப்பலைங்கய்யான்னேன். உங்கப்பன் கூண்டுல நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். மச்சான் பொய் சொல்ல மாட்டாருன்னு அவனே நம்பிட்டான் போல. ஜெயிலுக்குப் போனான், வந்தான், அப்புறம் வெல்டிங் குச்சியைத் தொடவே இல்ல. நல்ல வேலைக்காரன். எனக்கு அவன் மேல என்னைக்கும் கோபம் கிடையாது.

அந்த அலமாரியில பிஸ்கட் டப்பா இருக்கு பாரு, எடு. கனமா இருக்கும். எல்லா நட்டும் அதுலதான் இருக்கு. மண்ணுல புதைச்சிருக்கலாம், ஆனா துரு இறங்கினா புல்லு வேர் கெட்டுப் போகும். உங்கப்பன் கையில கொடு. அவனுக்கு ஒண்ணும் விளக்க வேணாம், தொட்டாலே புரிஞ்சுக்குவான். போலீசுக்கும் கொடு. நான் இங்கதான் இருப்பேன்.

ஏன் இப்போ சொல்றேன்னு கேக்குறியா? கேட்டுல நோட்டீஸ் பார்த்திருப்பியே. காலேஜ் இடத்தை வித்துட்டாங்க. வர்ற வாரம் புல்டோசர் வருது, அடுக்குமாடி கட்டப் போறாங்க. புல்லே போகப் போகுது, இனிமே நான் வாயை மூடிக்கிட்டு இருந்து யாருக்கு என்ன.

அழாதேம்மா. எந்திரிச்சுட்டியா. சரி, போ, அவன் காத்துக்கிட்டு இருப்பான். பார்த்து, படி வழுக்கும். செருப்பை மறந்துறாதே.

ஏய், பாப்பா, அந்தப் பக்கம் இல்ல. நடுவால போகாதே, ஓரமா சுத்திப் போம்மா. காதுல விழுதா? ஓரமா.

அட, என்னை ஏன் அப்படித் திரும்பிப் பார்க்குறே. கை சும்மா விசில்கிட்ட போச்சு, அவ்வளவுதான். பழக்கம்.