சம்மட்டி நடந்து வந்த பாட்டு

"பாப் பாட்டு கலையா, கலை வேஷம் கட்டிய கூச்சலா?" என்று கேட்டு, கூச்சலே என்று தாமே விடையும் சொல்லி அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! அந்த விடைக்குக் கைதட்டிய பெரியோர்களே! கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களே! தட்டலாமா கூடாதா என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்த தம்பிமார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பாடகி அல்ல. பண்ணறிந்த பண்டிதையும் அல்ல. குத்துச்சண்டை மேடையின் மூலையில் பஞ்சும் பனிக்கட்டியும் ஏந்தி நிற்பவள். புருவம் கிழிந்தால் குருதியை நிறுத்துவது என் தொழில். என் உடன்பிறந்த தம்பிக்கே அந்தத் தொழிலைச் செய்கிறேன். அவனைச் சம்மட்டி என்பார்கள். கை அப்படி!

அந்தச் சம்மட்டிக்குப் பிடித்த பாட்டு எது? ஏமாற்றிப் போன காதலனை எண்ணி, கைதட்டிச் சிரித்துப் பாடும் ஒரு பாப் பாட்டு. பள்ளிப் பெண்பிள்ளைகள் பேருந்தில் பாடுவது. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, அன்றும் சிரித்தார்கள்!

அன்று பட்டத்துக்கான இறுதிப் போட்டி. வீரர்கள் அவரவர் விரும்பிய பாட்டோடு மேடைக்கு நடந்து வர வேண்டும். உடை மாற்றும் அறைக்குத் தம்பியின் மேனேஜர் வந்தார்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. அத்தனை பேர் முன்னாடி பொண்ணுங்க பாட்டைப் போட்டா மானம் போயிடும். புலி உறுமுற மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன்."

தம்பி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "என் பாட்டுதாண்ணே."

"அப்படி அதுல என்னதான்டா இருக்கு?"

"சொல்லத் தெரியலண்ணே. கேட்டா நெஞ்சு நிமிருது."

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். போனவர் நேரே ஒலிக்கருவி அறைக்குப் போயிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது.

அழைப்பு வந்தது. கதவு திறந்தது. உறுமியது புலி! தம்பி நின்றான், நின்றவன் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். வெளியே கூட்டம் தரையைக் காலால் இடிக்கிறது. நடுவரின் ஆள் ஓடி வந்து, "இப்ப வரலைன்னா எதிராளி ஜெயிச்சதா அறிவிச்சிடுவோம்" என்கிறார். மேனேஜர் அலறுகிறார்: "ஒரு பாட்டுக்காக எல்லாத்தையும் கெடுக்கிறியே, நீயெல்லாம் ஆம்பளையா?"

தம்பியின் முஷ்டி மடங்கியது. அந்த முஷ்டி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். குறுக்கே புகுந்து, "நீ அசையாத" என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினேன். ஒலிக்கருவியின் முன் இருந்தவரிடம், "பாட்டை மாத்துங்க" என்றேன்.

"வேணாங்க. கூட்டம் அவரைக் கிழிச்சிடும்."

"கிழிஞ்சதுக்கு மருந்து போடத்தான் நான் இருக்கேன். போடுங்க!"

போட்டார். அரங்கம் சிரித்தது! சீழ்க்கை பறந்தது! மேடையில் நின்ற எதிராளி இடுப்பில் கைவைத்து ஆடியே காட்டினான். அந்தச் சிரிப்பின் நடுவே என் தம்பி நடந்தான். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. படியிறங்கி ஓடி வந்த நான் வாளியோடு பின்னால் போனேன். அவன் தோள் தாழவில்லை.

வென்றானா என்கிறீர்களா, தாயே? வென்றிருந்தால் கதை இனிக்கும். தோற்றான். புருவம் கிழிந்து, உதடு கிழிந்து, புள்ளிக் கணக்கில் தோற்றான்.

எல்லாம் முடிந்து நான் காயம் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வந்தவன், வென்ற அந்த எதிராளி! உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அந்தப் பாட்டு என் போன்லயும் இருக்கு. காதுல மாட்டிக்கிட்டுத்தான் கேப்பேன். எங்க ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தம்பி கிழிந்த உதட்டோடு சிரித்தான்: "ஒரு ஸ்டெப் தப்பாம ஆடும்போதே நெனச்சேன்டா!"

அந்த வீரரின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பாருங்கள், இன்னும் பயம்!

தலைவர் அவர்களே! முகத்தில் விழும் குத்துக்கு அஞ்சாதவன், காதில் விழும் பாட்டுக்கு அஞ்சுகிறான். அந்த அச்சத்தை ஊட்டியவர் யார்? ஆண்கள் கூடிக் கேட்டால் ரசனை, பெண்கள் கூடிக் கேட்டால் கூச்சல் என்று தீர்ப்பு எழுதியவர் யார்? அது கலைக்கு வைத்த உரைகல்லா, பெண்ணுக்குப் போட்ட தாழ்ப்பாளா? நானோ கிடார் அலறும் முரட்டுப் பாட்டுக் கேட்பவள். "வீட்டுக்காரர் பழக்கிவிட்டதா?" என்கிறார்கள். என் காதுக்குமா ஒரு வீட்டுக்காரர்?

பாப்பில் பதர் இல்லையா? மூட்டை மூட்டையாய் இருக்கிறது! பதரே விழாத களம் எது? புடைத்துப் பாருங்கள், பொறுக்கி எடுங்கள், பிடிக்காவிட்டால் தள்ளுங்கள். ஆனால் முறத்தைத் தொடும் முன்பே, இது யார் வீட்டு நெல் என்று கேட்காதீர்கள்!

தலைவரின் கை மணியை நெருங்கிவிட்டது. மறுப்பைக் கேட்கவும் மனம் வைத்த அவருக்கும், சிரித்தவர்களுக்கும், சிரிப்பை நிறுத்திக் கேட்டவர்களுக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போகும் வழியில் எந்தப் பாட்டு நாவில் வந்தாலும், அதை வாய்விட்டே பாடிக்கொண்டு போங்கள். வணக்கம்!