விரித்த பாய்

தண்ணீர் வைத்ததற்கு நன்றி ஐயா. பிறகு குடிக்கிறேன். நாற்காலியும் வசதியாகத்தான் இருக்கிறது; விசாரணை என்றதும் நிற்கவைத்தே கேட்பீர்களோ என்று பயந்துகொண்டு வந்தேன்.

மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, குழியின் ஓரத்தில் தோண்டி வெட்டியெடுத்த துண்டு, அது நான் விரித்த பாய்தான். அதில் பதிந்திருக்கிற செருப்புத் தடமும் என்னுடையதுதான். பாய் என்றால் படுத்துத் தூங்குகிற பாய் இல்லை. இரண்டு கனத்த துணிகளுக்கு நடுவே உலர்ந்த களிமண்ணைப் பரப்பி, மெத்தை தைப்பதுபோல் தைத்திருப்பார்கள். சுரங்கக் கழிவு கொட்டும் குழியின் அடியில் இதை விரித்து, மேலே மண் போட்டு மூடவேண்டும். ஈரம் பட்டதும் களிமண் உப்பும்; மேலே பாரம் இருப்பதால் இறுகி அடைத்துக்கொள்ளும். இன்று விரித்ததை இன்றே மூடு என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். மூடுவதற்குள் மழை பட்டால் களிமண் கன்னாபின்னாவென்று உப்பிவிடும். அந்தப் பாயைக் கிழித்துத் தூர எறியவேண்டியதுதான்.

நான் அங்கே மேஸ்திரி. யாராவது 'பலே' என்று சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மறுநாள் முதலாளி வருவதாக இருந்தது. மண் போட்டு மூடிய இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது? குழி முழுவதும் பாயை விரிக்கச் சொல்லிவிட்டேன். வெள்ளை வெளேரென்று அவ்வளவு அழகு. மண் தள்ளும் வண்டிக்காரர் மட்டும் முனகினார்.

"அண்ணே, வானம் கறுக்குது. பாதியாவது மூடிரலாம்."

"பெரியவர் வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போகட்டும்பா. மழை என்ன சொல்லி வச்ச மாதிரியா வரும்?"

சொல்லிவைத்த மாதிரிதான் வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் பாய் கொழகொழவென்று கிடந்தது. நடந்து பார்த்தேன், காலடியில் களிமண் பிதுங்கியது. முதலாளி வரவே இல்லை, அதுதான் வேடிக்கை. பாய் வீணாகிவிட்டது என்று போய் நின்றால் அடுத்த குழிக்கு வேறு மேஸ்திரியைப் போட்டுவிடுவார்கள். நல்லவேளையாக வெயில் சுள்ளென்று அடித்தது. காய்ந்ததும், பொடிப்பொடி வெடிப்புகளைத் தவிர, பாய் பழையபடி ஆகிவிட்டது. மூடிவிட்டோம். தரம் பார்க்க நகரத்திலிருந்து வந்த அம்மா, "மழைல நனைஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஒரு தூறல்கூட இல்ல மேடம்."

வண்டிக்காரர் காதில் விழாததுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி ஈரம் பட்டால் வெடிப்பு தானாக அடைபடும். நல்ல தண்ணீர் என்றால் அடைபடும். சுரங்கக் கழிவின் அமிலம் ஏறிப் புளித்த நீருக்கு அடைபடாது. அது எங்கள் தொழிலில் இரண்டாம் பாடம்.

குழிக்குக் கீழே சரிவில்தான் அக்கா வீடு. எங்கள் அம்மா இறந்தபிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். சரிவில் இருந்தவர்களுக்கெல்லாம் வேறு இடத்தில் வீடு தருவதாகச் சுரங்கத்தார் சொல்லியிருந்தார்கள். பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள்.

"நீ சொல்லுடா தம்பி. போகவா, இருக்கவா? கொய்யா இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு."

"நான் போட்ட பாய் அக்கா. அப்புறம் என்ன கவலை?"

போ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அக்காவிடம் எனக்குப் பொய் வராது. அதனால் இருக்கச் சொன்னேன். தம்பியே சொல்லிவிட்டான் என்று அக்கம்பக்கத்தாரும் மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள்.

ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்குப் போவேன். பாசத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பேன். சாப்பிடச் சொன்னால் வயிறு சரியில்லை என்பேன். அக்கா மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "மாமா ஒட்டகம்மா. ஒரு தடவ குடிச்சா ஒரு வாரம் தாங்கும்." வாயாடிக் குட்டி. நானும் ஒட்டகம்போல் கழுத்தை நீட்டிக் காட்டுவேன்.

முதலில் அந்தக் குட்டிக்கு விரல்கள் மரத்துப்போயின. பிறகு முகம் வீங்கியது. சிறுநீரகம் போய்விட்டது என்றார் மருத்துவர். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். "கிணத்துத் தண்ணிதான். சுத்தமான தண்ணி" என்று நான்தான் பதில் சொன்னேன். குழந்தையை இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். திரும்பி வந்ததும், அந்த நிலைமையிலும் அக்கா எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

"காலைலேர்ந்து நீ ஒண்ணுமே குடிக்கலையேடா."

வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளே போனதும் கொய்யா மரத்தடியில் ஊற்றினேன். மரம் அதற்கு முன்பே பட்டுப்போயிருந்தது.

வேண்டுமென்றே செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. அந்தப் பாய் ஒழுகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அக்காவை அங்கே விட்டுவைப்பேனா? எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. இந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது?