ஏறின சம்பளம் எங்கே போச்சு?

ஹலோ... ஹலோ, காகித ஆலை ஆபீஸ்தானே?... சம்பளம் போடற மேடத்தைக் கூப்பிடுங்க... நீங்கதானா? ரொம்ப நல்லதாப் போச்சு. உங்க கிடங்குல வேலை பாக்கறாரே ஒரு மகானுபாவர், அவரோட மச்சான் பேசறேன். என் கூடப் பிறந்த தங்கச்சியைத்தான் அவருக்குக் கட்டிக் குடுத்திருக்கோம்... ஆமா, ஆமா, சோபாக் கடை வச்சிருக்கறது நானேதான். தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!

ஒரே ஒரு கேள்வி. ஒரு மனுஷனுக்குப் பதினொரு வருஷமா அதே சம்பளம் குடுக்கறீங்களே, நீங்க நடத்தறது ஆலையா, அன்னதான மடமா?... இருங்க, முதல்ல நான் முடிச்சுக்கறேன்.

தங்கச்சி நேத்துப் பெட்டியோட என் வீட்டுக்கு வந்துட்டா... ஏனா? மழை பேஞ்சா அவ வலது கையில கரண்டி, இடது கையில குடை. கூரை அடுப்புக்கு மேலேயே ஒழுகுது. வேற வீடு பாருய்யான்னா, "என் சம்பளத்துக்கு இந்த வாடகைதான் கட்டுப்படியாகும்"கறார்... செருப்பா? வார் மாத்தி, அடி மாத்தி, முதல்ல வாங்கின செருப்புல இப்ப எது மிச்சம்னு அவருக்கே தெரியாது. டிபன் பாக்ஸுக்குக் கொக்கி போயி ரப்பர் பேண்டு... சிரிக்காதீங்க மேடம்!

என்னைப் பாருங்க. கடை இருக்கு, கார் இருக்கு... தவணையில இருந்தா என்ன, ஓடுதில்ல? மனுஷன்னா அப்படி இருக்கணும். அவர் ராஜினாமா எழுதிட்டு என் கடைக்கு வரட்டும். சோபாவுக்குத் தூசி தட்டத் தெரிஞ்சாப் போதும். அப்பதான் தங்கச்சியைத் திருப்பி அனுப்புவேன்.

என்ன?... வருஷா வருஷம் ஏத்தினீங்களா?... இப்ப எவ்வளவு?...

மேடம், நீங்க வேற யாரோடதையோ பாக்கறீங்க. ஒல்லியா, கட்டம் போட்ட சட்டை... ஆமா, ரெண்டே ரெண்டு சட்டை... அவரேதானா?

அப்ப ஏறினதெல்லாம் எங்கே போச்சு?... முதல் தடவை ஏறினப்பவே எழுதிக் குடுத்துட்டாரா?... பழைய சம்பளம் வீட்டுக்கு, ஏறினது நேரா வங்கிக்கு... முதல் வருஷம் எவ்வளவு?... அவ்வளவுதானா! என் கடையில அது டீச்செலவு... ம்... ம்... வட்டிக்கு வட்டி... எவ்வளவுன்னீங்க?...

இருக்கேன், இருக்கேன். கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

கணக்கு யார் பேர்ல?... தங்கச்சி பேர்லயா! அவளுக்கே தெரியாதே... கையெழுத்துப் போட்டாளா? போட்டிருப்பா. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமப் போடறவ.

அது சரி, இதையெல்லாம் எங்கிட்ட எப்படிச் சொல்றீங்க?... அவரே சொல்லச் சொன்னாரா?... பக்கத்துல உக்காந்திருக்காரா? ஸ்பீக்கர்லயா? எப்பலேருந்து?... நான் மகானுபாவர்னு சொன்னதுலேருந்தேவா!

மாப்பிள்ளை! சௌக்கியமா? நான் ஏதோ ஒரு உரிமையில... சரி... சரி... என்னது, அந்த வீட்டையே வாங்கறீங்களா? ஒழுகற வீட்டையா?... கூரையைப் பிரிச்சு மாத்தி... அடுத்த வாரம் பதிவா?

இதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெட்டியைத் தூக்கியிருப்பாளா? பொண்டாட்டிகிட்ட எதுக்குய்யா மறைச்சீங்க?... அவகிட்ட சொன்னா அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிடுமா? எனக்குத் தெரிஞ்சா என்னவாம்?...

அது நான் டைல்ஸ் கடை வச்சப்ப வாங்கினது. வியாபாரம்னா நஷ்டம் வரும்... வளையலை நானா கேட்டேன்? அவளாக் கழட்டிக் குடுத்தா... சரி, அதுக்கு முன்னாடி கோழிப்பண்ணைக்கும் குடுத்தா. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

சாயங்காலம் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. காரை அனுப்பறேன்... பஸ்ஸா? உங்க இஷ்டம்.

மாப்பிள்ளை, வச்சுடாதீங்க. பதிவு அடுத்த வாரம்தானே? அதுவரைக்கும் பணம் வங்கியில சும்மாத்தானே தூங்கும்? சோபாத் துணி ஏத்தின லாரி கடை வாசல்ல நிக்குது. பணத்தைப் பாக்காம இறக்க மாட்டேங்கறான். ஒரே ஒரு வாரம். நமக்குள்ளதானே... மாப்பிள்ளை?... ஹலோ?... ஹலோ?

வச்சுட்டார்... பெரிய இவரு!

ஏம்மா, நீ எப்ப வந்து நின்ன? பெட்டியை எங்கே தூக்கற?... அந்த ஒழுகற வீட்டுக்கேவா? இரு, மழை வருது, ஒரு குடையாவது...

ம்க்கும். அதான் உன் இடது கையிலயே இருக்கே.