எதிர்ஜன்னல் ரிமோட்

இல்ல இல்ல, நீங்க பாட்டுக்குக் கலக்குங்க. கரண்டி கிளாஸ்ல பட்டுச்சா, டிங்குன்னு... அதான் என் பேச்சு நின்னுபோச்சு. ரொம்ப வருஷத்துக்கு முந்தி கேட்ட சத்தம் ஒண்ணு அப்படியேதான் இருக்கும். ஏசி அணையும்போது வருமே, அது. சின்னதா ஒரு டிங். அப்புறம் வாய மூடிக்கிற மாதிரி அந்த மூடி மெதுவா இறங்கும். சரி, விடுங்க. சக்கர போதுமா?

என்ன கேட்டீங்க, பையன் எப்படின்னுதானே? கேக்கணும். பொண்ணப் பெத்தவ நாலு வீட்டுக் கதவத் தட்டி விசாரிக்காம யாரு விசாரிப்பா? நானும் என் மகளுக்காக அமாரா ஊரு வரைக்கும் போயிருக்கேன். எல்லா வீட்லயும் ஒரே டீ, ஒரே பதில். தங்கமான பையன். நாளைக்கும் அதே சந்துல மொகத்துல முழிக்கணுமே, வேற என்ன சொல்லுவாங்க?

எங்க எதிர்வீட்டு மைதம் குடியத் தொட மாட்டான். தொழுகை தவற மாட்டான். வேல எண்ணெய்க் கம்பெனியில. மகன் பேரால நாங்க உம் மைதம்னு கூப்பிடுற அவங்கம்மா தும்முனாக்கூட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவான். இதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல. நீங்க விசாரிக்க வந்தது முடிஞ்சுது, எந்திரிக்கிறதுன்னா எந்திரிக்கலாம்.

உக்காந்தே இருக்கீங்க. சரி, உங்க இஷ்டம்.

அவன் போனப் பத்தி யாராவது சொன்னாங்களா? சீச்சீ, பொண்ணுங்க விஷயமெல்லாம் இல்லைங்க. காலேஜ் போறப்ப ஒரு சீனாப் போன் வாங்குனான். அது மண்டையில கடுகாட்டம் ஒரு கறுப்புக் கண்ணு. அந்தக் கண்ணக் காட்டி அமுக்குனா டிவி, ஏசி எதுவும் சொன்னபடி கேக்கும். எந்தக் கம்பெனின்னு தேடிப் புடிச்சாப் போதும், ஊருல உள்ள ரிமோட்டெல்லாம் அவன் சட்டைப் பையில.

ஆரம்பத்துல வேடிக்கையாத்தான் இருந்துச்சு. டீக்கடையில ஃபுட்பால் மேட்ச் ஓடும், ஒருத்தன் பெனால்டி அடிக்கப் போவான், டக்குன்னு திரையில ஒரு பொம்பள வெங்காயம் வதக்குவா! கெழவனுங்க எல்லாம் கடக்காரன அடிக்கப் போவானுங்க. இவன் மேசைக்கடியில போன வச்சுக்கிட்டு, அநியாயம் அநியாயம்னு கூடச் சேந்து கத்துவான். பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வருது. நானும் சிரிச்சேன்.

அப்புறம் எங்கயோ ஒரு சாவுக்கு மண்டபத்துல துக்கம் கேக்க உக்காந்திருக்காங்க. ஓதிக்கிட்டிருக்காங்க. அங்கயும் ஏசிய அணைச்சிருக்கான். குண்டா ஒருத்தர் முன்வரிசையில இருந்தாராம், அவருக்கு எப்படி வேர்க்குதுன்னு பாக்க. அத வீட்ல வந்து சொல்லிக் காட்டுறான், அவங்கம்மா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. பையனுக்கு மூளையப் பாருங்களேங்கிறா. ஒருத்தன் வேதனைய மறைஞ்சு நின்னு பாக்குறதுக்குப் பேரு மூளையா?

சின்ன வயசுதான். ஆமா. எல்லாரும் அதான் சொல்றாங்க.

அந்த வருஷந்தான் எங்க வீட்டுக்காரருக்கு வாதம் வந்து படுத்தாரு. உம் கஸ்ர் துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவரு. மேல உக்காந்துக்கிட்டு, கீழ நிக்கிறவன் கையசைக்கிறதப் பாத்தே அவ்வளவு பெரிய பெட்டிய எறக்கி வைப்பாரு. வாய்ப்பேச்சுக்கே வேல கெடையாது அங்க. வாதம் வந்தப்புறம் நாக்கு போச்சு, ஒரு பக்கம் பூரா போச்சு. எடது கை மட்டும் கொஞ்சம் எந்திரிக்கும். சந்தப் பாத்த ரூம்ல கட்டிலப் போட்டோம். ஜன்னலுக்கு நேரா மைதம் ரூம் ஜன்னல். சந்து எவ்வளவுன்னு வர்றப்ப பாத்திருப்பீங்களே, இங்கேருந்து தட்ட நீட்டுனா அங்க வாங்கிக்கலாம்.

கவர்மென்ட் கரண்ட் போனா சந்து ஜெனரேட்டர்தான், அதுல ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே லைன். தனியா எடுக்கக் கட்டுபடியாகல. ஒரு நேரத்துக்கு ஒரு ஏசி தாங்கும், ரெண்டும் ஓடுனா பிரேக்கர் விழுந்துரும். சந்துக்கோடிக் கம்பம் வரைக்கும் போயித் தூக்கி விடணும். உம் மைதம் எங்க வாசல்ல வந்து நின்னு சொன்னா, நோயாளி இருக்கிற வீடு, பகல் பூரா உங்களுக்கு, பொழுது சாஞ்சா எங்களுக்குன்னு. மனசாரத்தான் சொன்னா. அவளக் கொற சொல்ல மாட்டேன்.

அந்த நேரம் பாத்து எங்க ரிமோட் தண்ணி ஜாடிக்குள்ள விழுந்துச்சு. மைதத்தக் கூப்பிட்டேன். வந்தான், போனக் காட்டி எதையெதையோ அமுக்குனான். டிங். காத்து வந்துச்சு. இவரு பாதி மொகத்தால சிரிச்சாரு. உங்க ரிமோட் இனிமே என் பையில இருக்கு பெரிம்மா, ஜன்னல்லேருந்து ஒரு கொரல் குடுங்க போதும்னான். பேரீச்சம்பழ பிஸ்கட் ஒரு தட்டு நெறையக் குடுத்தனுப்புனேன். அப்புறம் கடையில புதுசு வாங்கிட்டேன், ஆனா அவன் போன்ல எங்க ஏசி அப்படியேதானே இருக்கும்? அது எனக்குத் தோணவே இல்லைங்க.

வெயில் ஏற ஏற ஒரு கூத்து ஆரம்பிச்சுச்சு. மத்தியானம் ரொட்டி வாங்கப் போயிட்டு வருவேன், ஏசி நின்னுருக்கும். ரூம் அடுப்பா இருக்கும். இவரு தொப்பலா நனைஞ்சு கெடப்பாரு. என் ரிமோட்ட அமுக்குவேன், ஓடும், ஓடுன ஒடனே பிரேக்கர் விழும். மைதந்தான் வெறுங்காலோட அந்தத் தீ வெயில்ல ஓடிப்போயி தூக்கி விட்டுட்டு வருவான். அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் தொந்தரவே இருக்காது. என்ன நல்ல புள்ளன்னு நெனைப்பேன். ஜெனரேட்டர்க்காரன் வாசல்ல போயி நின்னு, திருட்டுப்பயலே, காசு வாங்கிட்டு கரண்ட்டக் கொறைக்கிறியான்னு கத்துனேன். அவன் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணுனான், நம்பல. மெக்கானிக் வந்து ஏசியப் பிரிச்சுப் போட்டுட்டு, ஒரு கோளாறும் இல்லைம்மான்னான். அவனையும் நம்பல.

நான் பக்கத்துல உக்காந்திருந்தா ஒருநாள்கூட நிக்காது. நான் வெளிய போனாத்தான் நிக்கும். ஏசிக்கு என்மேல அம்புட்டுப் பாசம்னு இவருகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். இவரு சிரிக்கல. எடது கையத் தூக்கி ஜன்னலக் காட்டுனாரு.

காத்தில்லாம தவிக்கிறவரு, வெளிச்சம் பாக்கணும்னு கேக்குறாருன்னு நெனச்சேன். திரைய நல்லா வெலக்கி விட்டேன். மறுநாளும் அதே கை, அதே ஜன்னல். திரை நழுவுதுபோலன்னு இழுத்து முடிச்சுப் போட்டு வச்சேன். கண்ண மூடிக்கிட்டாரு. தூங்குறாருன்னு வெளிய வந்துட்டேன். ஊரான் கையசைச்சதையெல்லாம் படிச்ச மனுஷன். அவரு கையப் படிக்க வீட்ல ஆளில்ல.

நீங்க டீயக் குடிங்க, ஆறிப்போச்சு.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அதே கட்டில்ல நானே படுத்திருந்தேன். சும்மாதான். ஏசி ஓடிட்டிருக்கு. டிங். மூடி இறங்குது. அடுத்த மூச்சுல எதிர்வீட்டு ஏசி ஓடுற சத்தம். எந்திரிச்சு உக்காந்தேன். எதிர்ஜன்னல்ல மைதம், கையில போனு. என்னப் பாத்துட்டான். பதறுனானான்னு கேளுங்க. சிரிச்சான். ஐயோ பெரிம்மா, உள்ள இருக்கீங்களா, யாரும் இல்லன்னு நெனச்சேன், இது நீங்க ரொட்டிக்குப் போற நேரமாச்சேன்னான். திரும்பப் போட்டும் விட்டான், ரொம்ப மரியாதையா.

யாரும் இல்லன்னு.

அந்த ரூம் எப்பங்க காலியா இருந்துச்சு?

கேக்கல. அவனை ஒண்ணும் கேக்கல. அவங்கம்மாகிட்டயும் சொல்லல. அவனுக்கு இன்னிக்கும் அது ஒரு சங்கதியே இல்ல. வழியில பாத்தா என் பைய வாங்கித் தூக்கிட்டு வர்றான். வீட்டுக்கு வந்து பையக் கழுவிக் காயப்போடுவேன்.

வேணும்னே கொல்ற புத்தியா? அது இருந்தாத்தான் தேவலயே, அப்பவாவது அங்க ஒரு மனுஷன் இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமே.

உங்க பொண்ணு எப்படி, நல்லா வாய் பேசுமா? அப்படின்னா கொஞ்ச காலத்துக்குக் கவலையில்ல. பேசுறவங்ககிட்ட அவன் நல்லவந்தான். எதிர்ல நின்னு கேக்குறவங்ககிட்ட ரொம்ப நல்லவன். ஆனா கேக்க முடியாம கெடக்குற நேரம்னு ஒண்ணு வரும்ங்க எல்லாருக்கும். ஒரு காய்ச்சல், ஒரு புள்ளப்பேறு, கடைசியில ஒரு படுக்கை. அப்பவும் அவனுக்கு அந்த ரூம்ல யாரும் இருக்க மாட்டாங்க. தங்கமான பையன்னு சொல்லி உங்கள அனுப்பியிருக்கலாம். இந்தச் சந்துல மூணாவது வீட்ல அப்படித்தானே சொன்னாங்க?

இவரா? உள்ள யாரும் இல்லைங்க, நீங்க மெதுவாப் பேச வேண்டியதில்ல. அந்த ஜூலையிலயே போயிட்டாரு. வெக்கை தாங்கலன்னாரு டாக்டர். மத்தியானந்தான். நான் ரொட்டிக்கடை வரிசையில நின்னுட்டிருந்தேன்.