சூளையில் திரும்பி வந்த பெயர்

எண்பத்தொன்றாம் ஆண்டோ எண்பத்திரண்டோ, சிங்கப்பூரில் ஜூரோங்கிலிருந்து ஜாலான் புசார் வந்த பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள்.

“அவரு பேரை நல்லா அழிச்சுட்டேன்டி, சூளைக்குப் போய் திரும்ப வந்துடுச்சு!” என்றாள் சீருடைக்காரி.

“யாரு பேரு?”

“எங்க லேப் ஆல்பர்ட் பேருதான். சாம்பிள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டுல சும்மா அழுத்திக் கீறினேன். யாராச்சும் பாத்தா மானம் போயிடுமேன்னு கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுட்டேன்.”

“அப்புறம் எப்படி வந்துச்சு?”

“மேல்பக்கம் கெட்டியாகணும்னு கார்பன் ஏத்த சூளையில வெச்சாங்க. பளபளன்னு இருந்த இடத்துல சரியாவே ஏறல. நான் அழுத்திக் கீறினதுல அடியில நசுங்கியிருந்த இடத்துல மட்டும் நல்லா ஏறிடுச்சு. டெஸ்டுக்கு ஆசிட் ஊத்தினா, கார்பன் ஏறின இடம் கறுத்து, பேரு அப்படியே நிக்குது!”

“ஐயோ, ஊத்தினது யாரு?”

“அவரேதான் லா!”

கண்டக்டர் உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

“என்னடி பண்ணாரு?”

“இன்னொரு துண்டை எடுத்து, எனக்குக் காட்டாம என்னமோ கீறி, பாலிஷ் போட்டு, சூளைக்கு அனுப்பிட்டாரு. திங்கட்கிழமை நான்தான் ஆசிட் ஊத்தணுமாம்!”