காலையில் போட்ட இன்ஸ்டால்

— மறுபடியும் அதேதான் வருது ரெமிஜியஸ் அண்ணா. ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்.’

— இரு மா, இரு. பென் டிரைவ்ல இருந்த ஃபோல்டர் முழுசா அந்த போர்டு கம்ப்யூட்டருக்குப் போச்சா?

— போச்சு. லைப்ரரி எல்லாம் வந்திருக்கு. ப்ரோக்ராம மெஷின் பாஷைக்கு மாத்தற கம்பைலர் மட்டும் சத்தியமா இல்ல. இங்க அத்திபெலே ஃபேக்டரி ஆளுங்க நாலு பேரு என் பின்னாலயே நிக்கறாங்க. இனிமே ப்ரோக்ராம இந்த போர்டுலயே கம்பைல் பண்ணிக்கலாம்னு சொல்லித்தானே குடுத்திருக்கோம்?

— நிக்கட்டும் விடு. நம்ம சர்வர்ல கம்பைலர கட்டி முடிச்சப்போ எர்ரர் எதாவது வந்துச்சா?

— நேத்து கட்டினப்போ ஒண்ணும் வரல. காலைல ஏழரைக்கு இன்ஸ்டால் போட்டேன். மொதல்ல பெர்மிஷன் இல்லன்னுச்சு. சர்வர் பாத்துக்கற உமேஷ்கிட்ட, எதையும் மாத்த விடற ரூட் பாஸ்வேர்ட் வாங்கிப் போட்டேன், கடகடன்னு முடிஞ்சுது. ஃபோல்டர காப்பி பண்ணிக்கிட்டு பொம்மனஹள்ளில பஸ் ஏறிட்டேன்.

— உன் சொந்த ஃபோல்டர்ல போடறதுக்கு ரூட் பாஸ்வேர்ட் இன்னாத்துக்கு மா?

— அது... ஆமால்ல.

— தீபிகா, எந்த ஃபோல்டர்ல போடணும்னு கமாண்ட்ல குடுத்தியா?

— குடுக்கலண்ணா. அவசரத்துல விட்டுட்டேன்.

— ஹௌதா! அப்படியா சங்கதி! இங்க ஆபீஸ்ல ஒம்போது மணிலேர்ந்து ஒரே பேஜார். ஒருத்தருக்கும் ஒண்ணும் பில்ட் ஆகல. சர்வரோட கம்பைலர் இருந்த எடத்துலயே போர்டு கம்பைலரக் கொண்டாந்து உட்கார வெச்சுட்ட. வேற ப்ராசஸருக்குச் செஞ்சது இங்க எப்படி ஓடும்?

— ஐயோ. இப்ப என்னண்ணா பண்றது?

— பதறாத. நீ கட்டினது அப்படியேதான் இருக்கு. சர்வரோட பழைய கம்பைலர திரும்பப் போட அரை மணி நேரம். உன்னத சரியான ஃபோல்டர்ல இறக்கி லிங்க் அனுப்பறேன். போர்டுல போடு, ஒரு சின்ன ப்ரோக்ராம் ஓட்டிக் காட்டு, வந்துடு.

— மேனேஜர் மஞ்சுநாத் சார்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை எனக்கு வேலை கன்ஃபர்மேஷன். ஆறு மாசமா அதுக்குத்தான் ஓடிக்கிட்டிருக்கேன். எதனால கெட்டுதுன்னு அவருக்குத் தெரியாதில்ல?

— நேத்து சாயங்காலம் உமேஷ் சர்வர அப்டேட் பண்ணான். அதனாலதான்னு அவரே முடிவு பண்ணிட்டார்.

— அப்போ அப்படியே இருக்கட்டும்ணா. அப்டேட் பண்ணா இப்படி ஆகறதுதானே? உமேஷுக்கு ரெண்டு திட்டு விழும். அவ்வளவுதான?

— அவன் கான்ட்ராக்ட் ஆள் மா. நாளைலேர்ந்து வராதன்னுட்டாங்க.

— வராதன்னா? அப்போ அவர் என் பேரச் சொல்லிடுவாரே! பாஸ்வேர்ட் அவர்தானே குடுத்தாரு.

— கேட்டாங்க. எல்லார் முன்னாலயும் மஞ்சுநாத் சார் கேட்டார், காலைல யாருக்காவது ரூட் பாஸ்வேர்ட் குடுத்தியான்னு. தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘யாருக்கும் குடுக்கல சார்’னான். ஏன் சும்னே, காரணமே இல்லாம பழிய ஏத்துக்கறான்னு நான் நெனச்சேன். எனக்கே இப்பத்தான் புரியுது.

— இப்ப அவர் எங்க இருக்காரு?

— லிஃப்ட்கிட்ட நிக்கறான். ஐடி கார்ட கழட்டிக் குடுத்துட்டான்.

— போர்டு அப்புறம்ணா. ஃபோன மஞ்சுநாத் சார்கிட்ட குடுங்க.