ஏழாம் டப்பா

காப்பி நன்றாக இருக்கும் என்பதற்காகத்தான் முதலில் அங்கே போனேன். அன்று யார் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். காப்பிக் கடையின் மாடி அறை. கூட்டத்தை நடத்துகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு பல் மருத்துவர். நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா, பேச்சு முடியும்வரை பின்னிக்கொண்டே இருப்பவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். கல்லூரி மாணவிகள் இருவர். பேச வந்திருந்த புள்ளியியல் பேராசிரியை. கடைசி வரிசையில் நான், பக்கத்தில் என் தங்கை. மொத்தம் ஒன்பது பேர்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அங்கே யாராவது வந்து அறிவியல் பேசுவார்கள். வால் நட்சத்திரம், தடுப்பூசி, பேய் வீடு, எதுவானாலும் சரி. கடைக்காரர் அங்கே கூடுகிறவர்களைச் சந்தேகப் பேர்வழிகள் என்பார். எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்கிற ரகம். எனக்கு அது பிடித்திருந்தது. நான் வேதியியல் பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவன். தங்கைக்கு வலிப்பு அதிகமான வருடம் அது. அப்பா அம்மா இல்லை, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. பிறகு மருந்துத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், கேப்ஸ்யூல் நிரப்பும் எந்திரத்தில் ஒன்பது வருடம். படிப்பு போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் எழுதிக்கொள்வதால் சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் அட்டை கிடக்கும். ஒரு பக்கம் பச்சை, அதில் 'தரவு' என்று எழுதியிருக்கும். மறுபக்கம் சிவப்பு, 'கதை'. யாராவது "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்தால் எல்லோரும் சிவப்பைத் தூக்குவார்கள். விளையாட்டுதான். அட்டை காட்டப்பட்டவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு மருந்து வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று பேராசிரியை அன்று பேசினார். முடிந்ததும் நான் எழுந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக.

"இதோ என் தங்கச்சி. மாத்திரை ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு, ஒரு தடவைகூட வலிப்பு வரல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

சிவப்பு அட்டைகள் எழுந்தன. எட்டும். பக்கத்தில் பார்த்தேன். என் தங்கையும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அய்யோ அண்ணா, நானே கதையாயிட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பேராசிரியை சிரிக்கவில்லை. "சிலருக்குத் தானாவே நின்னுடும் சார். மாத்திரை இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நமக்குத் தெரியாதே" என்றார். பிறகு, "அதுக்காக நிறுத்திப் பாத்துடாதீங்க" என்றும் சொன்னார். அதைச் சொன்னார். நான் எதையும் மறைக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவள் என்னைக் கேலி செய்துகொண்டே வந்தாள். அவளுக்கு நான் வைத்த பெயர் வாலு. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள், வாய் ஓயாது. நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு கேப்ஸ்யூலும் வெந்நீரும் என் கையால் கொடுத்திருக்கிறேன். அது வேலை செய்கிறதா என்றே தெரியாமல் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு ஒப்பவில்லை.

வேலை பெரிதல்ல. அவளுடைய மருந்து சிறு குருணைகளாக, நீலமும் வெள்ளையுமான கூட்டுக்குள் வரும். அதே நிறக் காலிக் கூடுகள் எங்கள் தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாக இருக்கும். ஒரு பிடி எடுத்து வந்து சோளமாவை நிரப்பினேன். எட்டு டப்பாக்கள், டப்பாவுக்கு ஏழு, ஒரு வாரத்துக்கு ஒன்று. நான்கில் மருந்து, நான்கில் மாவு. எது எது என்று எனக்கே தெரியக் கூடாது. அதுதான் முறை. எனவே டப்பாக்களைக் கணக்கு வாத்தியாரிடம் கொண்டுபோனேன். சத்து மாத்திரை, தங்கச்சிக்குச் சோர்வு குறையுதான்னு பாக்கறேன் என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் தம்பி நீ வழிக்கு வந்திருக்கே" என்றார். சீட்டுக் குலுக்கி டப்பாக்களுக்கு எண் ஒட்டினார். பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். அவருக்கு வேறெதுவும் தெரியாது. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் முடிவு கெட்டுவிடும்.

முதல் இரண்டு டப்பாக்களில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில், தையல் எந்திரத்தின் முன்னால் அரை நிமிடம் வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. ஊசி ஒரே துணியில் ஒரு சாண் தூரம் கோணலாக ஓடியிருந்தது. நோட்டில் எழுதினேன். நான்காவதில் நன்றாக இருந்தாள். ஐந்தாவதில் அடுப்படியில் விழுந்தாள். கொதிக்கிற தண்ணீர் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கொட்டியது. கட்டுப் போட்டுவிட்டேன்.

"அண்ணா, இன்னிக்கு நான் மாத்திரை போட்டேனா?"

"போட்டே. நான்தானே குடுத்தேன்."

"பின்னே ஏன் வந்துச்சு? ஆறு வருஷம் கழிச்சு ஏன்? டாக்டரைப் பாக்கலாம்ணா."

"இன்னும் மூணு வாரம் போகட்டும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, நீ சொன்னா சரி" என்றாள். நான் சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை. கேலி செய்வாள், தட்டமாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் மட்டும் போனேன். "வாலு எங்கே தம்பி? சத்து மாத்திரை வேலை செய்யுதா?" என்றார் வாத்தியார்.

"முடியற வரைக்கும் உறையைப் பிரிக்கக் கூடாதே சார்."

"பாருங்கய்யா, இவன்தான் ஆளு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பல் மருத்துவர் பச்சை அட்டையை என்னைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார். ஆறாவது டப்பாவை மறுநாள் தொடங்கினேன். அந்த வாரம் அவள் விழவில்லை.

ஏழாவதைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தாள் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. சரிதான். எங்கள் வீட்டில் அவளுக்குப் பதினாலு வயதானதிலிருந்து குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கழற்றி வைத்திருந்தேன். கதவை ஒருக்களித்துவிட்டு அவள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும், எனக்குக் கேட்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஆறு வருடம் வலிப்பு இல்லாமல் போனதும் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் நானே தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்தினேன். அன்று அவள் பத்துத் தடவை போட்டுப் போட்டுத் திறந்தாள். பாடும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

பாட்டு நின்ற பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று கேட்டீர்கள். நான்கு நிமிடம். நோட்டில் இருக்கிறது. வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் ஒரு தரவு. அதன் பிறகுதான் கதவை உடைத்தேன்.

எந்த டப்பாவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்றேன். நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உறை இன்னமும் ஒட்டியபடியே வாத்தியாரின் அலமாரியில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். ஆனால் ஒன்பது வருடம் கேப்ஸ்யூல் எந்திரத்தில் நின்றவனுக்கு உறை தேவையில்லை. குருணை அடைத்த கூட்டைக் காதருகே ஆட்டினால் சலசலக்கும். மாவு சத்தம் போடாது. முதல் டப்பாவின் முதல் நாளிலிருந்து தினமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். மூன்றாவது சத்தம் போடவில்லை. ஐந்தாவது போடவில்லை. ஏழாவதும் போடவில்லை.

அது ஏழாம் டப்பாவின் நான்காம் நாள். கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாள். கையில் கட்டு இருந்தது.

"அண்ணா, தாழ்ப்பாள் போடவா, வேண்டாமா? பயமா இருக்கு. நீ சொல்லு."

வேண்டாம் என்று சொன்னால் எனக்குத் தெரியும் என்றாகிவிடும். பிறகு அது சோதனையே அல்ல. ஏழு வாரத்தை ஒரு வார்த்தையில் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"போட்டுக்கோ. ஒண்ணும் ஆகாது."

"அப்ப சரி. விஞ்ஞானி சொல்லிட்டாரு" என்று பழிப்புக் காட்டினாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

கதவைச் சாத்தினாள். நோட்டை எடுத்து நேரத்தை எழுதினேன், ஏழு இருபது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.